காலத்தை எழுதிய கருவியும் அதைத் திருத்தி எழுதிய கைகளும்

1821 செப்டம்பர் 1ஆம் நாள் பாரிஸின் ஷாம்ப் தெ மார்ஸ் திடலில் குதிரைப் பந்தயம் ஒன்று நடந்தது. நிக்கொலா ரியூசெக் என்னும் கடிகாரக் கலைஞர் தாம் செய்த கருவியுடன் அங்கு வந்திருந்தார். எனாமல் பூசிய வட்டத் தகடுகள் அதில் சுழன்றுகொண்டிருந்தன. குதிரை எல்லையைக் கடக்கும்போது பொத்தானை அழுத்தினால், மை தோய்ந்த கூர்முனை ஒன்று இறங்கிச் சுழலும் தகட்டின்மீது ஒரு புள்ளி வைத்துவிட்டு மீளும். பந்தயம் முடிந்தபின் அப்புள்ளிகளின் இடத்தைக் கொண்டு ஒவ்வொரு குதிரையும் எடுத்துக்கொண்ட நேரம் கணக்கிடப்பட்டது. அடுத்த ஆண்டு இக்கருவிக்குக் காப்புரிமை கிடைத்தது. கிரேக்க மொழியில் குரோனோஸ் என்றால் காலம். கிராஃபெய்ன் என்றால் எழுதுதல். குரோனோகிராஃப் என்ற பெயர் உவமையாகச் சூட்டப்பட்டதன்று. கருவி உண்மையாகவே மையால் எழுதியது.

மை விரைவில் மறைந்தது. பெயர் மட்டும் நின்றது. எள்ளின் நெய்யைக் குறித்த எண்ணெய் என்னும் சொல் இன்று தேங்காய்க்கும் கடலைக்கும் மண்ணுக்கும் பொதுவாகிவிட்டதைப் போல, எழுதாத கருவிக்கும் குரோனோகிராஃப் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று அச்சொல் குறிப்பது, மணி காட்டும் இயக்கத்தைத் தடுக்காமல், வேண்டும்போது ஓடவிட்டு, நிறுத்தி, மீண்டும் சுழியத்துக்குக் கொண்டுவரக்கூடிய தனி நொடிமுள்ளைக் கொண்ட கடிகாரத்தை.

பழைய குரோனோகிராஃப் கைக்கடிகாரங்களைச் சேகரிப்பதும் அவற்றை நுணுக்கமாக நிழற்படம் எடுப்பதும் இன்று பல நாடுகளில் பரவியுள்ள ஈடுபாடு. பணம் படைத்தோரின் பொழுதுபோக்கு என்று இதை எளிதில் ஒதுக்கிவிடலாம். ஆனால், சுவிஸ் கடிகாரத் தொழிலின் பொருளாதார வரலாற்றைக் கல்விப்புல ஆய்வாளர்கள் எழுதினார்களே ஒழிய, எந்த முகப்பு எந்த ஆண்டில் வந்தது, எந்த முள் எந்தக் கூட்டுக்கு உரியது என்னும் பொருள்சார் வரலாற்றைப் பெரும்பாலும் எழுதியவர்கள் சேகரிப்பாளர்களே. அவர்களின் சான்று நிழற்படம். அவர்களின் முறை ஏட்டுச்சுவடிப் பதிப்பியலுக்கு நெருங்கிய உறவு. அம்முறை எவ்வாறு வளர்ந்தது, எதைத் திறம்படச் செய்தது, யாரைக் கண்டும் காணாமல் விட்டது என்பதே இப்பதிவின் பொருள்.

நொடிக்கும் கீழே

ரியூசெக்கே முதல்வர் என்று ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் நம்பப்பட்டது. 2012இல் ஜெனீவா ஏலமொன்றில் வாங்கப்பட்ட ஒரு கருவி அந்த நம்பிக்கையை மாற்றியது. லூயி முவானே என்பவர் 1816இல் செய்து முடித்த அக்கருவி, வான்கோள்களை நோக்குவதற்காக உருவாக்கப்பட்டது. ஒரு நொடியை 60 பங்காகப் பிரித்து அளந்தது. ஓட்டவும் நிறுத்தவும் சுழியத்துக்குத் திருப்பவும் அதில் வசதி இருந்தது. எழுதும் கருவிக்கு முன்பே எழுதாத கருவி இருந்தது என்பது 2013இல்தான் உலகுக்குத் தெரிந்தது. ஆவணத்தால் அன்று, சேகரிப்புப் பொருள் ஒன்றால் வரலாறு ஐந்து ஆண்டுகள் பின்னுக்கு நகர்ந்தது.

முவானே தம் கருவிக்கு இட்ட பெயரில் வரும் தியேர்ஸ் என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்கு மூன்றாவது என்று பொருள். மணியை 60ஆகப் பிரித்தால் கிடைப்பது முதல் சிறுகூறு. இலத்தீன் வழியாக அது மினிட் ஆயிற்று. அதை மீண்டும் 60ஆகப் பிரித்தால் இரண்டாம் கூறு, அதுவே செகண்ட். ஆங்கிலத்தில் இரண்டாவது என்பதற்கும் நொடி என்பதற்கும் ஒரே சொல் வழங்குவது இதனால்தான். மூன்றாம் முறை பிரித்தால் வருவது தியேர்ஸ். நாழிகையை 60 விநாழிகையாகப் பிரித்த நம் மரபுக்கு இந்த அறுபதின் கணக்கு புதிதன்று.

அளந்த முள்ளை நொடிப்பொழுதில் சுழியத்துக்குக் கொண்டுவரும் வழியைப் பின்னர் அடோல்ஃப் நிக்கோல் வகுத்தார். 1844இல் அவர் காப்புரிமை பெற்ற வடிவமைப்பில் இதய வடிவத் தகடு ஒன்று உண்டு. ஒரு நெம்புகோல் அதன் விளிம்பை அழுத்தினால், தகடு எந்நிலையில் இருந்தாலும் தாழ்ந்த புள்ளியை நோக்கிச் சுழன்று நின்றுவிடும். அதனுடன் முள்ளும் 12க்குத் திரும்பும். இன்று செய்யப்படும் இயந்திரக் குரோனோகிராஃப்களிலும் இதே இதயத் தகட்டைக் காணலாம்.

மணிக்கட்டில் ஏறிய தொழில்கள்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கருவி சட்டைப்பையிலிருந்து மணிக்கட்டுக்கு ஏறியது. லாஞ்சின் நிறுவனம் 1913இல் வெளியிட்ட 13.33 இசட் என்னும் இயக்கம், கைக்கடிகாரத்துக்கென்றே அமைந்த தொடக்ககாலக் குரோனோகிராஃப் இயக்கங்களில் ஒன்று; நொடியின் ஐந்தில் ஒரு பங்கை அளந்தது. சாவி கொடுக்கும் திருகிலிருந்து பொத்தானைப் பிரித்து 2 மணிக்கு அருகில் வைத்ததைப் பிரைட்லிங் நிறுவனம் 1915இல் செய்த மாற்றமாகக் குறிப்பிடுகிறது. சுழியத்துக்குத் திருப்புவதற்கென 4 மணிக்கு அருகில் இரண்டாம் பொத்தான் 1934இல் வந்தது. இன்று நாம் குரோனோகிராஃப் என்று அடையாளம் காணும் உருவம் அப்போது நிலைபெற்றது.

இக்கடிகாரங்களின் முகப்பை ஒரு பனுவலாக வாசிக்கலாம். விளிம்பைச் சுற்றி அச்சிடப்பட்ட அளவுகோல், அதை அணிந்தவர் யாரென்று சொல்லிவிடும். மருத்துவருக்கான முகப்பில் 30 துடிப்புகளுக்கென வகுத்த அளவுகோல் இருக்கும்: பொத்தானை அழுத்தி, 30 துடிப்புகளை எண்ணி, நிறுத்தினால் போதும். அதற்கு 25 நொடி ஆயிற்று என்றால் முள் 72ஐக் காட்டும். அதுவே நிமிடத்துக்கான நாடித்துடிப்பு. பீரங்கிப் படையினருக்கான முகப்பில் தொலைவுமானி இருக்கும்: எதிரியின் பீரங்கி மின்னும்போது ஓடவிட்டு, முழக்கம் கேட்டதும் நிறுத்தினால் ஒலியின் வேகத்தைக் கொண்டு தொலைவு தெரியும், மூன்று நொடி என்றால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். பந்தயக்காரருக்கான வேகமானி, ஒரு கிலோமீட்டரை 30 நொடியில் கடந்தால் 120 என்று காட்டும். ஒரே இயக்கம், மூன்று தொழில்கள், மூன்று வாசிப்புகள்.

1960களில் இக்கருவி பூமிக்கு வெளியே சென்றது. நாசா தன் சோதனைகளுக்குப் பின் 1965 மார்ச்சில் ஒமேகா ஸ்பீட்மாஸ்டரை ஏற்றது. 1969 ஜூலையில் ஆம்ஸ்ட்ராங் தம் கடிகாரத்தைக் கலத்துக்குள் விட்டுவந்ததால், நிலவின் தரையில் முதலில் இறங்கிய கடிகாரம் ஆல்ட்ரினுடையது. பின்னர் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டபோது அது காணாமற்போனது. 1970 ஏப்ரலில் அப்போலோ 13 பழுதுபட்டுத் திரும்பும் வழியில், பாதையைச் சரிசெய்ய இயந்திரத்தை 14 நொடி இயக்க வேண்டியிருந்தது. அந்த 14 நொடியை ஜாக் ஸ்விகெர்ட் தம் கடிகாரத்தைக் கொண்டு கணித்தார்.

1969ஆம் ஆண்டு இன்னொரு வகையிலும் திருப்புமுனை. கையசைவால் தானே சாவி ஏறும் குரோனோகிராஃப்கள் அவ்வாண்டில் மூன்று இடங்களிலிருந்து வந்தன: ஜெனித் ஜனவரியில் எல் பிரிமேரோவை அறிவித்தது, ஹோயர், பிரைட்லிங், ஹாமில்டன் முதலிய நிறுவனங்களின் கூட்டணி மார்ச்சில் காலிபர் 11ஐ அறிவித்தது, ஜப்பானின் சீகோ மே மாதத்தில் 6139ஐ விற்பனைக்குக் கொண்டுவந்தது. எது முதல் என்ற வழக்கு இன்றும் ஓயவில்லை. அறிவிப்பா, விற்பனையா, எதை முதன்மையாகக் கொள்வது என்பதே அவ்வழக்கின் அடி.

ஆசிரியர் பலர் உள்ள பிரதி

வெற்றியின் ஆண்டிலேயே வீழ்ச்சியும் தொடங்கியது. 1969 டிசம்பரில் சீகோ குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை வெளியிட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் சுவிஸ் கடிகாரத் தொழிலின் பணியாளர் எண்ணிக்கை ஏறத்தாழ 90,000இலிருந்து 30,000ஆகச் சுருங்கியது. இயந்திரங்கள் பழைய இரும்பாக விற்கப்பட்டன. ஜெனித் தொழிற்சாலையில் எல் பிரிமேரோவின் அச்சுகளையும் கருவிகளையும் அப்புறப்படுத்த 1975இல் உத்தரவானபோது, சார்லஸ் வெர்மோ என்னும் பணியாளர் அவற்றைப் பரணில் ஒளித்துவைத்தார். 1980களில் அவ்வியக்கம் உயிர்பெற்றதும், 1988இல் ரோலக்ஸ் நிறுவனமே தன் டேட்டோனாவுக்கு அதை வாங்கிப் பயன்படுத்தியதும் அந்த ஒருவரின் கீழ்ப்படியாமையால் கூடிற்று.

எல்லாத் தொழிற்சாலைகளிலும் ஒரு வெர்மோ இருக்கவில்லை. பல நிறுவனங்கள் மூடப்பட்டபோது அவற்றின் பதிவேடுகளும் சிதறின. அவை இருந்த இடத்திலும் சிக்கல் தீரவில்லை. ஏனெனில் பழைய குரோனோகிராஃப் ஒரே இடத்தில் பிறந்ததன்று. வால்ஷூ, வீனஸ், லெமானியா போன்ற நிறுவனங்கள் இயக்கங்களைச் செய்தன. முகப்பு ஓரிடம், கூடு ஓரிடம், முட்கள் ஓரிடம் என்று வந்து சேர்ந்தன. முகப்பில் அச்சிட்ட பெயர், கோத்துத் தந்தவரின் பெயர் மட்டுமே. ஒரே வால்ஷூ 72 இயக்கம் பல பெயர்களின் கீழ் ஓடுகிறது. ஒரு காலத்தில் ரோலக்ஸ் பெயரின் கீழும் ஓடியது. இத்தகைய பொருளுக்கு 'மூலம்' எது என்ற கேள்வி, பல கைகள் தொட்ட சுவடிக்கு மூலபாடம் எது என்ற கேள்விக்கு நிகரானது.

இந்நிலையில்தான் சேகரிப்பாளர்கள் வரலாற்றாசிரியர் ஆயினர். நூற்றுக்கணக்கான கடிகாரங்களின் படங்களை அருகருகே வைத்து, தொடரெண் வரிசைப்படி அடுக்கி, எந்த வேறுபாடு எந்த எண்ணுக்குப் பின் தோன்றுகிறது என்று குறித்தனர். சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் குறிக்கும் அதே வேலை இது.

ஒரு புள்ளியின் விலை

ஸ்பீட்மாஸ்டரின் வெளிவளையத்தில் வேகமானி எண்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஏறத்தாழ 1970 வரையிலான வளையங்களில் 90 என்ற எண்ணுக்கு உரிய புள்ளி எண்ணின் மேலே இருக்கும். அதன் பின்னர் வந்தவற்றில் பக்கத்துக்கு நகர்ந்துவிடும். வேறு மாற்றம் எதுவும் எளிதில் கண்ணுக்குப் படாது. ஆனால், புள்ளி மேலே உள்ள வளையம் மட்டுமே தனியாகப் பல ஆயிரம் டாலருக்கு விலைபோகிறது. சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கம் பெரும்பாலும் இல்லாததால், புள்ளி உண்டா இல்லையா என்று தீர்மானிப்பதிலேயே பதிப்பாசிரியர்களின் உழைப்பு எவ்வளவு கழிந்தது என்பதை அறிந்தவர்களுக்கு இந்த விலை வியப்பளிக்காது.

சீகோ 6139 இன்னும் நல்ல பாடம். அதன் பின்மூடியிலுள்ள தொடரெண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கத்தைக் குறிக்கும். இரண்டாம் குறி மாதத்தைக் குறிக்கும். 9 என்று தொடங்கினால் அது 1969ஆகவும் இருக்கலாம், 1979ஆகவும் இருக்கலாம். அங்கே முகப்பிலுள்ள சொற்கள் துணைக்கு வருகின்றன. தொடக்ககால முகப்புகளில் நீர் புகாது என்ற பொருளில் 'வாட்டர் புரூஃப்' என்ற தொடர் இருந்தது. 1970களின் தொடக்கத்தில் அது நீரைத் தாங்கும் என்ற பொருளில் 'வாட்டர் ரெசிஸ்ட்' ஆகியது. ஒரு சொல் மாற்றம் பத்தாண்டு மயக்கத்தைத் தீர்க்கிறது. முகப்புச் சொல்லும் பின்மூடி எண்ணும் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால், இடையில் ஒரு கை புகுந்திருக்கிறது என்று பொருள். பதிப்பியலில் அதற்குப் பெயர் இடைச்செருகல்.

அதே சீகோவைப் பற்றிய இன்னொரு செய்தி, நிழற்படம் சான்றாகும் விதத்தைக் காட்டுவது. விண்வெளிக்குச் சென்ற முதல் தானியங்கிக் குரோனோகிராஃப், 1985இல் ஜெர்மானிய விண்வெளி வீரர் ரைன்ஹார்ட் ஃபுரர் அணிந்த சின் நிறுவனக் கடிகாரம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால், 1973 நவம்பர் முதல் 1974 பிப்ரவரி வரை ஸ்கைலேப் நிலையத்தில் 84 நாள் தங்கிய வில்லியம் போக்கின் மணிக்கட்டில், மஞ்சள் முகப்புடைய சீகோ 6139 இருந்தது. நாசாவின் அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லாத, அவரே வாங்கிய கடிகாரம் அது. அலுவல் ஆவணங்கள் குறிக்காமல் விட்டதைச் சேகரிப்பாளர்களின் தேடல் பல ஆண்டுகளுக்குப் பின் வெளிக்கொணர்ந்தது. போக்கும் அதை உறுதிப்படுத்தினார்.

படம் சொல்வதும் மறைப்பதும்

சான்றாக வேண்டுமென்றால் படம் சில ஒழுங்குகளைக் கைக்கொள்ள வேண்டும். விளம்பரப் படங்களில் முட்கள் பெரும்பாலும் 10 மணி 10 நிமிடத்தில் நிற்கின்றன. நிறுவனத்தின் பெயரை இரு முட்களும் ஏந்தி நிற்பதுபோல் தோன்றுவதும், 3க்கும் 9க்கும் அருகிலுள்ள சிறுவட்டங்கள் மறையாதிருப்பதும் அதன் பயன்கள். ஆய்வுக்கு ஒரு படம் போதாது. குரோனோகிராஃப் முள் ஓடும்போது ஒன்று, நிறுத்தியபின் ஒன்று, சுழியத்துக்குத் திருப்பியபின் ஒன்று என மூன்றாவது வேண்டும். திரும்பிய முள் 12இன் கோட்டில் சரியாக நிற்காவிட்டால், முள் மாற்றிப் பொருத்தப்பட்டிருக்கலாம் அல்லது இதயத் தகடும் நெம்புகோலும் தேய்ந்திருக்கலாம். பின்மூடியின் உட்புறம், இயக்கம், வாரைக் கழற்றியபின் கூட்டின் கொம்புகளுக்கிடையே உள்ள பகுதி ஆகியவையும் படமாக வேண்டும்.

பழைய கண்ணாடி பெரும்பாலும் குவிந்த அக்ரிலிக். எதிரே உள்ள சன்னல், விளக்கு, படமெடுப்பவரின் முகம் எல்லாவற்றையும் அது ஏந்திக்கொள்ளும். வெள்ளைத் தாளினூடே வடிகட்டிய பக்கவெளிச்சமும், நடுவில் வில்லைக்கென வட்டமாக வெட்டிய கறுப்பு அட்டையும் இதற்குப் போதும். துருவ வடிகட்டி கண்ணாடியின் எதிரொளியைக் குறைக்கும். உலோகத்தின் எதிரொளியை அதனால் பெரிதும் குறைக்க இயலாது. எல்லாவற்றிலும் முதன்மையானது நிற ஒழுங்கு. சாம்பல் நிற அட்டை ஒன்றை உடன்வைத்து வெண்சமநிலை செய்யாவிட்டால், மஞ்சள் விளக்கின்கீழ் கறுப்பு முகப்பு பழுப்பாகத் தோன்றும். பழுப்பு நிறத்துக்கு இச்சந்தையில் தனி விலை உண்டென்பதால், இது அழகியல் பிழையோடு நிற்பதில்லை.

ஒளிரும் பூச்சைப் புறஊதா ஒளியில் எடுத்த படம் இன்னொரு சான்று. 1960களில் ரேடியத்தின் இடத்தை டிரிட்டியம் பிடித்தது. முகப்பின் அடியில் சுவிஸ் என்ற சொல்லின் அருகே ஆங்கில 'டி' எழுத்து அதைக் காட்டும். டிரிட்டியத்தின் அரைவாழ்வு 12 ஆண்டு சொச்சம். அதனால் பழைய பூச்சு இன்று தானாக ஒளிர்வதில்லை. புறஊதா விளக்கை அணைத்தபின்னும் நெடுநேரம் ஒளிரும் பூச்சு பிற்காலத்தில் பூசப்பட்டது என்று ஐயுறலாம். ரேடியத்தின் அரைவாழ்வோ ஏறத்தாழ 1,600 ஆண்டு. ஒளி அணைந்தாலும் கதிரியக்கம் அணையவில்லை. ஆகவே பழைய ரேடிய முகப்பைப் படத்துக்காகத் திறப்பதும் சுரண்டுவதும் கூடா.

இரண்டு சொற்கள்

இனி அகராதிக்கு வருவோம். சேகரிப்பாளர் வழக்கில் இரண்டு சொற்கள் மொழியியல் பயின்ற எனக்கு நெடுநாளாக உறுத்துகின்றன.

முதலாவது டிராபிக்கல். கறுப்பு முகப்பு வெயிலாலும் ஈரத்தாலும் வெளிறிப் பழுப்பாவதற்கு இப்பெயர். வெப்பமண்டலம் என்று பொருள். வேதியியல் நோக்கில் இது பூச்சின் குறைபாடு. சந்தையிலோ இதற்கு விலை பன்மடங்கு.

இரண்டாவது மும்பை ஸ்பெஷல். முகப்பை அழித்துப் புதிதாக வண்ணமடித்து எழுத்து அச்சிட்டும், கிடைத்த பாகங்களைக் கோத்தும் இந்தியாவிலிருந்து விற்பனைக்கு வரும் கடிகாரங்களைக் குறிக்கும் ஏளனச் சொல் இது. எச்எம்டி, ஃபேவர்-லூபா, சீகோ எனப் பல பெயர்கள் இதில் அடிபடும். வாங்காதீர் என்ற எச்சரிக்கையாகவே இச்சொல் வழங்குகிறது.

இரண்டு சொற்களும் இடத்தைக் குறிப்பவை. இரண்டும் வெப்பநாட்டில் கடிகாரத்துக்கு நேர்ந்ததைக் குறிப்பவை. வெப்பநாட்டின் வெயில் முகப்பை மாற்றினால் விலை ஏறுகிறது. வெப்பநாட்டின் மனிதர் முகப்பை மாற்றினால் விலை இறங்குகிறது. இயற்கை தொட்டது முதுமை; கை தொட்டது களங்கம்.

அந்தக் கை ஏன் தொட்டது என்பதற்கு வரலாறு உண்டு. விடுதலைக்குப் பின் இந்தியாவில் கடிகார இறக்குமதி கடும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருந்தது. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் இணைந்து பெங்களூருவில் எச்எம்டி கடிகாரத் தொழிற்சாலை தொடங்கியது. ஜனதா, பைலட் என அதன் புகழ்பெற்ற மாதிரிகள் மணி, நிமிடம், நொடி காட்டும் மூன்று முட்களோடு நின்றன. குரோனோகிராஃப் வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து யாரேனும் கொண்டுவர வேண்டும். அது பழுதானால் உரிய பாகம் எளிதில் கிடைக்காது. ஓடாத ஒன்றிலிருந்து எடுத்து ஓடக்கூடிய ஒன்றில் பொருத்துவதும், தேய்ந்த முகப்புக்கு மீண்டும் எழுதுவதும் அச்சூழலில் ஏமாற்று வேலை அன்று; கடிகாரத்தை ஓடவைக்க இருந்த வழி. ஏடு செல்லரிக்கும் முன் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதியவரின் வேலையும் இத்தகையதே. பெயர்த்தெழுதியவர் பிழைபட எழுதியிருக்கலாம்; புரியாத இடத்தில் தம் சொல்லைப் பெய்திருக்கலாம். ஆனால், அவர் எழுதியிராவிட்டால் பிழைபட்ட பாடமும் நமக்கு இல்லை.

மாற்றியமைத்தல் இந்தியாவுக்கு மட்டும் உரியதும் அன்று. 1970களிலும் 80களிலும் சுவிஸ் நிறுவனங்களின் பழுதுநீக்கும் பிரிவுகளே பழைய முகப்பைக் கழற்றிப் புதியதைப் பொருத்தி அனுப்பின. வாடிக்கையாளரும் அதையே விரும்பினார். இன்று அதற்கு சர்வீஸ் டயல் என்ற நடுநிலையான பெயர் வழங்குகிறது. விலை குறைந்தாலும் ஏளனம் இல்லை.

பழைமைக்கு விலை ஏற ஏற, பழைமையைச் செய்யும் தொழிலும் வளர்ந்தது. 2017 அக்டோபரில் நடிகர் பால் நியூமனின் ரோலக்ஸ் டேட்டோனா நியூயார்க்கில் 1.77 கோடி டாலருக்கு ஏலம்போனது. அவர் பெயரால் இன்று வழங்கும் அந்த வகை முகப்பு, வெளிவந்த காலத்தில் அதிகம் விலைபோகாதது. 2021 நவம்பரில் ஜெனீவாவில், 1957இல் அறிமுகமான முதல் மாதிரியைச் சேர்ந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு ஸ்பீட்மாஸ்டர் 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு விற்றது. அதன் முகப்பு பழுத்த டிராபிக்கல். வாங்கியது தன் அருங்காட்சியகத்துக்காக ஒமேகா நிறுவனமே. 2023இல் அது பல கடிகாரங்களின் பாகங்களைக் கோத்து உருவாக்கப்பட்டது என்று தெரியவந்தது. தன் முன்னாள் ஊழியர் சிலருக்கும் இதில் பங்கிருந்ததாக நிறுவனம் அறிவித்தது. இதை யாரும் ஜெனீவா ஸ்பெஷல் என்று அழைக்கவில்லை. சில நூறு ரூபாய்க்கு அணிவதற்காகக் கோக்கப்பட்ட கடிகாரத்துக்கு ஊரின் பெயர் ஒட்டியது. பல லட்சத்துக்கு ஏமாற்றுவதற்காகக் கோக்கப்பட்டதற்கு ஒட்டவில்லை.

புதிதாக அச்சிட்ட முகப்பை மூலம் என்று சொல்லி விற்பது மும்பையில் நடந்தாலும் ஜெனீவாவில் நடந்தாலும் ஏமாற்றே. அதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. ஆனால், விற்பனைக்கான பொய்யையும் பயன்பாட்டுக்கான பழுதுநீக்கத்தையும் ஒரே சொல்லில் அடைப்பது, போலிச் சுவடி செய்தவரையும் படியெடுத்தவரையும் ஒருவராக்குவதற்கு ஒப்பாகும். பதிப்பியல் இவ்வேறுபாட்டை நெடுங்காலத்துக்கு முன்பே கற்றது. மூலத்தைத் தேடும் ஆய்வோடு அது நின்றுவிடவில்லை. ஒவ்வொரு படியும் தன் காலத்துக்குச் சான்று என்றும் ஏற்றது. கடிகார வரலாறு அந்த இரண்டாம் படிக்கு இன்னும் வரவில்லை.

பின்மூடியின் உட்புறம்

அந்தப் படிக்கு வருவதற்கான சான்று கடிகாரத்துக்குள்ளேயே இருக்கிறது. பழைய கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்தால், உட்புறத்தில் ஊசியால் கீறிய நுண்ணிய குறிகளைப் பல வேளைகளில் காணலாம்: ஒரு தேதி, ஓர் எண், ஓரெழுத்து. பழுதுபார்த்தவர்கள் தங்கள் நினைவுக்காக இட்டவை அவை. அடுத்தடுத்து மூன்று நான்கு கைகள் கீறியதும் உண்டு. ஏலப் பட்டியல்களில் இவை அரிதாகவே விளக்கம் பெறுகின்றன. பதிப்பாசிரியருக்கு ஏட்டின் இறுதியில் படியெடுத்தவர் எழுதிவைக்கும் குறிப்பு எவ்வளவு மதிப்புடையதோ, அவ்வளவு மதிப்பு இவற்றுக்கும் உண்டு. எந்த ஆண்டில், யாரால், எத்தனை முறை இக்கடிகாரம் உயிர்பெற்றது என்பதைச் சொல்லக்கூடிய எழுத்து அது மட்டுமே. மையால் எழுதுவதை நிறுத்திய கருவியில், பின்னாளில் எழுதியவர்கள் பழுதுபார்த்தவர்களே.

ஆகவே பொருள்சார் பண்பாடு, வாய்மொழி வரலாறு, பதிப்பியல் ஆகிய துறைகளில் உள்ள மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், சென்னை என எந்நகரிலும் பழைய கடைத்தெருவில், ஒற்றைக்கண் பூதக்கண்ணாடியை அணிந்து ஒரு சிறு மேசையின் பின்னால் அமர்ந்திருக்கும் முதியவர்கள் இன்னும் உள்ளனர். எச்எம்டியின் கடிகாரப் பிரிவை மூட 2016இல் அரசு முடிவெடுத்தது. அத்தொழிற்சாலையின் கடிகாரங்களை அறிந்த தலைமுறை இப்போது மூப்படைந்துவிட்டது. பாகம் கிடைக்காத காலத்தில் எதை எதற்கு மாற்றாகப் பொருத்தினார்கள், முகப்பின் எழுத்தை எந்த அச்சால் எடுத்தார்கள், பின்மூடியில் இட்ட குறிக்குப் பொருள் என்ன, யாரிடம் தொழில் கற்றார்கள் என்று கேட்டுப் பதிவுசெய்யுங்கள். அவர்கள் இசைந்தால் கைகளையும் கருவிகளையும் படமெடுங்கள். குரோனோகிராஃப் ஒன்று கையில் கிடைத்தால் முகப்பை எடுத்த அதே கவனத்தோடு பின்மூடியின் உட்புறத்தையும் எடுங்கள். முகப்பின் படங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. உட்புறத்துக் கீறலை வாசிக்கத் தெரிந்தவர்களோ ஆண்டுதோறும் குறைந்துவருகிறார்கள்.